நெடுந்தீவில் தங்கலாமா?

கேள்வி: டிசம்பர் விடுமுறைக்கு அம்மாவுடன் யாழ்ப்பாணம் வருகிறோம். நகரத்து இரைச்சல் வேண்டாம், பழமையான அமைதியான ஊரில் இரண்டு இரவு தங்க வேண்டும். எங்கே போகலாம்?
- வாசகி, கொழும்பு

பதில்: யோசிக்காமல், யாழ்ப்பாணத்திலிருந்து படகில் போகும் தீவான நெடுந்தீவுக்குப் போங்கள். பெரிய ஹோட்டல் எதிர்பார்க்க வேண்டாம், சின்ன விடுதிகளும் வீட்டோடு சேர்ந்த அறைகளும்தான் இருக்கின்றன, அதனால் முன்கூட்டியே போன் பண்ணி அறையையும் இரவுச் சாப்பாட்டையும் சொல்லிவையுங்கள். படகு குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து போகும்; அங்கே பக்கத்துத் தீவான நயினாதீவுக்குப் போகும் படகும் நிற்கும், கேட்டு ஏறுங்கள். பயணம் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். டிசம்பரில் கடல் கொந்தளித்தால் படகு ஓடாது, ஆகவே கொழும்புக்குத் திரும்ப ஒரு நாள் மிச்சம் வைத்தே டிக்கெட் போடுங்கள்.

பகலில் வந்துபோகிறவர்கள் ஒல்லாந்தர் கோட்டை, பெருக்கு மரம் (பாவோபாப்), காட்டுக் குதிரைகள் என்று ஓட்டோவில் ஓடிவிட்டுக் கடைசிப் படகைப் பிடிப்பார்கள். தங்கினால்தான் ஊர் தெரியும். சாந்தே இல்லாமல் அடுக்கிய முருகைக்கல் (பவளக் கல்) மதில்களைக் கிட்டப் போய்ப் பாருங்கள், கல்லுக்குக் கல் பவளப் பூச்சிகள் கட்டிய வரிகள் அப்படியே இருக்கும். நல்ல தண்ணீர் அங்கே அருமை, பார்த்துச் செலவழியுங்கள். அம்மாவுக்குப் படகு ஒத்துவராது என்றால் சரி, தரைவழியாகவே போகக்கூடிய காரைநகர் பக்கம் அறை பாருங்கள்.