வாசகர் கேள்வி – பதில்: காட்டில் எத்தனை டன் கார்பன்?

கேள்வி: என் சம்பந்திக்கு முடோன் பக்கம் 40 ஏக்கர் ரப்பர் இருக்கிறது. "தோட்டத்துக்குள் கால் வைக்காமலே, செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து எத்தனை டன் கார்பன் என்று சொல்லிவிடுவோம்" என்கிறார் ஒரு தரகர். நம்பலாமா?
– ஒரு வாசகர், மோல்மீன், பர்மா

பதில்: நம்ப வேண்டாம். எந்தச் செயற்கைக்கோளும் மரத்தை எடை போடுவதில்லை. லேண்ட்சாட், சென்டினல்-2 ஆகிய படமெடுக்கும் செயற்கைக்கோள்கள் இலையில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தைப் பதிகின்றன. ரேடார், தான் அனுப்பிய அலையில் எவ்வளவு திரும்பி வந்தது என்று பார்க்கிறது. லேசர் உயரத்தைத் தருகிறது. இவற்றில் எதையும் டன்னாக மாற்ற, யாராவது தரையில் மரத்தை அளந்திருக்க வேண்டும். அப்படி அளந்த இடங்கள் எங்கே, அவற்றில் ரப்பர் தோட்டம் எத்தனை என்று தரகரிடம் கேளுங்கள்.

ரப்பரில் இன்னொரு சிக்கல். மரங்களின் தலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து நிழல் மூடிவிட்டால், 10 வருஷத் தோட்டமும் 20 வருஷத் தோட்டமும் படத்தில் ஒரே பச்சைதான். இலை உதிரும் மாதத்தில் எடுத்த படமோ இரண்டையுமே வெட்டவெளி போலக் காட்டும். காட்டு மரத்துக்கான சூத்திரத்தைப் பால் வெட்டும் மரத்துக்குப் போடுவதும் சரியல்ல. பால் வெட்டத் தொடங்கியதும் அடிமரம் பருக்கும் வேகம் குறைந்துவிடுகிறது. எந்தப் பாத்தியில் எந்த வருஷம் நட்டது என்ற கணக்கு சம்பந்தியிடம் இருந்தால் அதைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். எந்தப் படத்தையும் விட உருப்படியான தகவல் அது.

கேள்வி: ஒரு தேக்கு மரத்தின் எடையை வெட்டாமல் கணக்கிடும் முறையைப் படிப்படியாகச் சொல்லுங்கள்.
– ஒரு வாசகர், பெகு

பதில்: உங்கள் பெகு மலைத்தொடரில் 1856 முதல் தேக்கைக் கணக்கெடுத்த வன அதிகாரி பிராண்டிஸ், மரங்களைச் சுற்றளவு வாரியாகப் பிரித்து, மூங்கில் கழியில் கத்தியால் கீறிக் கீறி எண்ணினார். அதே சுற்றளவுதான் இன்றைக்கும் அடிப்படை.

தரையிலிருந்து 4 அடி 3 அங்குல உயரத்தில், அதாவது 1.3 மீட்டரில், டேப்பை மரத்தைச் சுற்றிப் படுக்கைவாட்டில் பிடியுங்கள். சரிவில் நிற்கும் மரமானால் மேட்டுப் பக்கத்தில் நின்று உயரத்தைக் குறியுங்கள். கொடி இருந்தால் டேப்பை அதற்கு அடியில் விடுங்கள். வந்த சுற்றளவை 3.14ஆல் வகுத்தால் விட்டம். வகுக்க மறந்து சுற்றளவையே விட்டமாக எழுதினால் மரத்தின் எடை ஒன்பது மடங்குக்கு மேல் ஏறிவிடும். அடி, அங்குலக் கணக்கில் அளந்து சென்டிமீட்டரில் எழுதும் நம் ஊரில் இது சாதாரணமாக நடக்கிற தவறு.

சேவ் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2014இல் வெளியிட்ட சூத்திரம் இது: மர அடர்த்தி × விட்டத்தின் வர்க்கம் × உயரம், வந்ததை 0.976 அடுக்குக்கு உயர்த்தி, 0.0673ஆல் பெருக்க வேண்டும். விட்டம் சென்டிமீட்டரில், உயரம் மீட்டரில், விடை கிலோவில். சுற்றளவு 4 அடி, அதாவது 122 செ.மீ. என்றால் விட்டம் 38.8. உயரம் 22 மீட்டர், அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.57 கிராம் என்று வைத்தால் ஏறக்குறைய 1,000 கிலோ வரும். நம் பர்மா வீசைக் கணக்கில் (ஒரு வீசை சுமார் 1.63 கிலோ) 600 வீசைக்கு மேல். அதில் 0.47 பங்கு கார்பன், 470 கிலோ. கார்பன் டை ஆக்சைடாகச் சொல்ல 3.67ஆல் பெருக்கினால் சுமார் 1,725 கிலோ. இது நிலத்துக்கு மேலே உள்ள பகுதி மட்டும், வேர் தனி.

டேப் இரண்டு அங்குலம் தளர்ந்தால் இந்த மரத்தில் எடை 8 சதவீதம் கூடும். உயரத்தில் இரண்டு மீட்டர் தவறினால் 9 சதவீதம். நெருக்கமான காட்டில் உச்சிக் கிளையென்று பக்கத்து மரத்தின் கிளையைப் பார்த்து அளந்துவிடுவார்கள். ஆகவே உச்சியும் அடியும் இரண்டுமே கண்ணுக்குத் தெரியும் இடம் கிடைக்கும்வரை நகர்ந்து நின்று பாருங்கள்.

கேள்வி: அளந்த இடத்தையும் படத்தையும் எப்படிப் பொருத்துவது? எங்கள் கணக்கில் மூங்கில் காடெல்லாம் அடர்ந்த காடாக வந்துவிடுகிறது.
– ஒரு வாசகர், பியே

பதில்: விண்வெளி நிலையத்திலிருந்து மர உயரத்தை அளக்கும் ஜெடி லேசரின் ஒவ்வொரு ஒளித்துடிப்பும் தரையில் 25 மீட்டர் அகல வட்டம். அதன் இருப்பிடமே 10 மீட்டர் தள்ளி இருக்கலாம். மரத்தடியில் கைபேசி ஜி.பி.எஸ். இன்னொரு 5, 10 மீட்டர் தள்ளும். இரண்டும் சேர்ந்தால் நீங்கள் அளந்தது ஒரு மரக்கூட்டம், லேசர் பார்த்தது வேறொன்று. அளக்கும் இடத்தைப் பெரிதாக, முடிந்தால் ஒரு ஹெக்டேராக, எடுங்கள். மூலைகளில் திருத்தம் செய்யும் ஜி.பி.எஸ். கருவியைக் கால் மணி நேரமாவது நிறுத்தி வையுங்கள். 30 பாகைச் சரிவில் தரையோடு ஒட்டி இழுத்த 20 மீட்டர் டேப், படத்தில் 17.3 மீட்டர்தான். இதைத் திருத்தாமல் விட்டவர்களின் மலைக்காடுகள் எல்லாம் ஏக்கருக்குக் குறைந்த எடையோடு நிற்கின்றன.

மூங்கிலுக்கு வருவோம். தேக்கு வெட்டிய இடத்தில், பசையரிசி வேகவைக்கும் அந்த மெல்லிய தின்வா மூங்கில் சீக்கிரமே மூடிக்கொள்ளும். படத்துக்கு அது நல்ல பச்சை. தேக்கு இலை உதிர்த்திருக்கும் பிப்ரவரி, மார்ச் படத்தையும், மழை விட்டதும் எடுத்த நவம்பர் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் ஓரளவு பிடிபடும். ஆனால் வருஷத்துக்கு வருஷம் ஒப்பிடும்போது ஒரே மாதப் படங்களைத்தான் எடுக்க வேண்டும். நவம்பரை மார்ச்சோடு ஒப்பிட்டால் வெட்டாத காடு வெட்டியதாக வரும். தரையில் மூங்கிலைத் தனியாக எண்ணி, தனிச் சூத்திரத்தில் போடுங்கள்.

கேள்வி: ஐராவதி டெல்டாவின் அலையாத்திக் காட்டுக்கு ரேடார் போதுமா?
– ஒரு வாசகர், போகலே

பதில்: மழைக்கால மேகத்தை ஊடுருவ ரேடார்தான் வேண்டும். ஆனால் எந்த நேரத்தில் எடுத்த படம் என்று பாருங்கள். மரத்தடியில் நீர் ஏறியிருந்தால் அலை நீரிலும் அடிமரத்திலும் மோதி இரட்டிப்பாகத் திரும்பும். அதே காடு கனமாகத் தெரியும். வற்றுநீர் நேரத்துப் படங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். ஊன்றுவேர் நெருக்கமாக உள்ள இடத்தில் நேர்மாறாக, எடை கூடக்கூடத் திரும்பும் அலை குறைவதும் உண்டு.

ஊன்றுவேர் மரங்களை 1.3 மீட்டரில் அளக்காதீர்கள். மிக உயர்ந்த ஊன்றுவேருக்கு 30 செ.மீ. மேலே அளக்க வேண்டும். கனஸோ என்ற அலையாத்தி மரத்தில், அடியில் பலகைபோல் விரியும் பலகைவேர் முடிந்த பிறகு. எல்லாவற்றையும் விட முக்கியம், இந்தக் காட்டின் கார்பனில் பெரும்பங்கு சேற்றில் இருக்கிறது. அதை எந்தச் செயற்கைக்கோளும் பார்ப்பதில்லை. குழாய் இறக்கி ஒரு மீட்டர் ஆழம் வரையாவது அடுக்கடுக்காக மண் எடுத்து, 60 டிகிரியில் உலர்த்தி எடை பார்த்து, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பத்தான் வேண்டும். குழாயை அடித்து இறக்கும்போது சேறு அமுங்கினால் கணக்கு கூடிவிடும். அமுங்கிய மாதிரியைக் கொட்டிவிட்டு வேறிடத்தில் எடுங்கள்.

கேள்வி: "95 சதவீதத் துல்லியம்" என்று அச்சிட்ட வரைபடங்களை ஏற்கலாமா?
– ஒரு வாசகர், ரங்கூன்

பதில்: சூத்திரம் உருவாக்கும்போது பயன்படுத்தாமல் ஒதுக்கி வைத்த இடங்களில் சோதித்தார்களா, அவை வெகு தூரத்தில் இருந்தனவா என்று கேளுங்கள். பக்கத்துப் பக்கத்து இடங்களில் சோதித்தால் எந்த வரைபடமும் நன்றாகத்தான் வரும். அதோடு, இத்தகைய வரைபடங்கள் மெலிந்த காட்டைக் கூட்டியும் கனத்த காட்டைக் குறைத்தும் காட்டும். 24 செ.மீ. அலை ரேடார், மர எடை ஹெக்டேருக்கு 100 டன்னைத் தாண்டியதும் திணறத் தொடங்குகிறது. பழைய தேக்குக் காட்டுக்கு இது பெரிய நஷ்டம்.

கேள்வி: புதிய செயற்கைக்கோள்கள் வந்தபின் இந்தத் தொல்லை தீருமா?
– ஒரு வாசகர், தட்டோன்

பதில்: குறையும். 2025 ஏப்ரல் 29இல் ஐரோப்பா ஏவிய 'பயோமாஸ்', 70 செ.மீ. நீள அலையால் இலைகளைத் தாண்டி அடிமரம், பெருங்கிளைகள் வரை போகிறது. அதே வருஷம் ஜூலை 30இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்தியா, அமெரிக்கா இரண்டும் சேர்ந்து செய்த ரேடார் செயற்கைக்கோள் நிசார் போனது. ஆனால் பயோமாஸ் தரும் எடை வரைபடத்தில் ஒரு கட்டம் 200 மீட்டருக்கு 200 மீட்டர், ஏறக்குறைய 10 ஏக்கர். முதல் கேள்வியில் வந்த ரப்பர் தோட்டம் அதில் நாலே கட்டம். அதிலும் ஓரங்களில் பக்கத்துத் தோட்டம் கலந்திருக்கும்.