வாசகர் கேள்வி பதில்: 16 மேட்ச்சும் தோத்தவருக்கு அடுத்த மாசமே வேலையா?

கே: போன வாரம் அமெரிக்கன் ஃபுட்பால் பத்தி எழுதும்போது டிஃபென்ஸிவ் லைன் கோச்னு போற போக்குல சொல்லிட்டு போயிட்டீங்க. ஒரு டீமுக்கு ஒரு கோச் பத்தாதா?
– வாசகர், சேலம்

ப: பத்தாதுங்க. என்எஃப்எல்ங்கற அமெரிக்கன் ஃபுட்பாலோட பெரிய லீக்ல ஒரு டீமுக்கு 53 பேர் இருப்பாங்க. ஹெட் கோச், அவருக்கு கீழ அஃபென்ஸுக்கு, அதாவது பந்த முன்னேத்துற பக்கத்துக்கு, ஒரு கோஆர்டினேட்டர், அத தடுக்கற டிஃபென்ஸுக்கு ஒருத்தர், அவங்களுக்கும் கீழ ஒவ்வொரு பொசிஷனுக்கும் தனித்தனியா ஆள். டிஃபென்ஸிவ் லைன்னா பந்துக்கு நேர் எதிர்ல கைய தரையில ஊனி குனிஞ்சு நிக்கிறாங்களே அந்த நாலு பேரு, சில டீம்ல மூணு பேரு. எதிர்ல நிக்கிறவன் 140 கிலோ இருப்பான், அவன தள்ளிட்டோ ஏமாத்திட்டோ உள்ள போயி, பந்த எறியற ஆளான குவாட்டர்பேக் அத எறியறதுக்குள்ள அவர கீழ சாய்க்கணும், அதுக்கு கெடைக்கிறது ரெண்டரை மூணு செகண்ட்தான். சாய்ச்சா அது சாக். இத சொல்லித் தர்றதுக்குன்னே ஒருத்தர் வாழ்நாள் பூரா வேலை பாக்குறாருன்னா அது ஒண்ணும் வீண் செலவு இல்ல.

கே: ஒரு சீசன்ல ஒரு மேட்ச் கூட ஜெயிக்காத ஹெட் கோச்சுக்கு, வேலைய விட்டு தூக்குன அடுத்த மாசமே இன்னொரு டீம் வேலை குடுத்துச்சுன்னு நண்பர் சொல்றார். நம்புறதா வேணாமா?
– வாசகர், திருச்சி

ப: நம்புங்க. அவர் பேரு ராட் மாரினெல்லி. 2008-ல டெட்ராய்ட் லயன்ஸ் 16 மேட்ச் ஆடி 16-லயும் தோத்துச்சு, 16 மேட்ச் சீசன் வந்ததுக்கப்புறம் அப்படி தோத்த மொத டீம் அதுதான். இதுல கொடுமை என்னன்னா சீசனுக்கு முன்னாடி ஆடுற பயிற்சி மேட்ச் நாலையும் அதே டீம் ஜெயிச்சிருந்துச்சு! கடைசி மேட்ச் டிசம்பர் 28, கிரீன் பேல, 31-21-ன்னு தோல்வி. மறுநாள் காலைல மாரினெல்லிக்கு சீட்டு கிழிஞ்சுது. மூணு வருஷக் கணக்கு 10 வெற்றி, 38 தோல்வி.

2009 ஜனவரியில சிகாகோ பேர்ஸ் அவர கூப்பிட்டுச்சு, ஹெட் கோச்சா இல்ல, டிஃபென்ஸிவ் லைன் கோச்சா. நல்லா கணக்கு சொல்லிக் குடுத்துட்டு இருந்த வாத்தியார ஹெட்மாஸ்டர் நாற்காலியில உக்கார வெச்சா ஸ்கூல் தடுமாறும், ஆனா அவருக்கு கணக்கு மறந்துடாதுல்ல, பேர்ஸ் ஹெட் கோச் லவி ஸ்மித்துக்கு அது தெரியும், ஏன்னா ரெண்டு பேரும் முன்னாடி டாம்பா பேல ஒண்ணா வேலை பாத்தவங்க.

லயன்ஸ் தோத்ததுக்கு இவர் மட்டுமே காரணம்னும் சொல்ல முடியாது. ஆளுங்கள எடுத்த ஜெனரல் மேனேஜர் மாட் மில்லன் அந்த சீசன் நடுவுலயே போயிட்டார். ஆனா டிஃபென்ஸ் ஆளான இவரோட டீம் அந்த வருஷம் 517 பாயின்ட் விட்டுக் குடுத்துச்சுங்கறதையும் மறைக்கக் கூடாது, அதுக்கு சாக்கு கிடையாது.

கே: அப்போ டாம்பா பேல அப்படி என்னதான் செஞ்சார்?
– வாசகி, கோவை

ப: இதுதான் கேக்க வேண்டிய கேள்வி. 1996-லேர்ந்து 2005 வரைக்கும் பத்து சீசன் அங்க டிஃபென்ஸிவ் லைன் கோச். 2001 வரைக்கும் டோனி டஞ்சி ஹெட் கோச், அப்புறம் ஜான் க்ரூடன், மான்ட்டி கிஃபின் டிஃபென்ஸ் கோஆர்டினேட்டர். அவங்க ஆடுன முறைய டாம்பா டூன்னு சொல்வாங்க, அதுல பின்னாடி ஏழு பேர் பாஸ தடுக்கறதுக்கு இறங்கிடுவாங்க, குவாட்டர்பேக்க துரத்தறதுக்கு எக்ஸ்ட்ரா ஆள் பெரும்பாலும் வராது, முன்னாடி நிக்கிற நாலு பேரே முடிச்சாகணும். அந்த நாலு பேர் சொதப்புனா மொத்த சிஸ்டமே காலி. அந்த நாலு பேர்தான் மாரினெல்லியோட பொறுப்பு.

வாரன் சாப்ங்கறவர் அதுல டேக்கிள், அதாவது லைனோட நடுவுல நிக்கிறவர். எதிர் டீம்ல கார்டுன்னு சொல்ற தடுப்பு ஆளோட வெளித் தோளுக்கு நேரா நின்னு ஒரே ஒரு சந்த குறி வெச்சு பாய்வார். 1999-ல லீக்லயே சிறந்த டிஃபென்ஸ் ஆட்டக்காரர் விருது, 2000-ல 16.5 சாக், ஒரு டேக்கிளுக்கு அது எக்கச்சக்கம். அப்புறம் சிமியன் ரைஸ் லைனோட ஓரத்துல சேர்ந்தார், 2002-ல 15.5 சாக். 1999-லேர்ந்து 2003 வரைக்கும் தொடர்ந்து 69 மேட்ச்ல டாம்பா குறைஞ்சது ஒரு சாக்காவது எடுத்துச்சு, அப்போ அது ரெக்கார்ட். 2003 ஜனவரி 26, சான் டியகோல சூப்பர் பௌல், அதாவது லீக்கோட ஃபைனல், எதிர்ல ஓக்லண்ட் ரெய்டர்ஸ், அந்த சீசனோட எம்விபி, அதாவது சிறந்த ஆட்டக்காரர், ரிச் கேனன் குவாட்டர்பேக். அவர நின்னு நிதானமா எறியவே விடல, அஞ்சு தடவ சாக் பண்ணாங்க, அவர் எறிஞ்ச பந்த அஞ்சு தடவ இவங்களே புடிச்சாங்க (இன்டர்செப்ஷன்), அதுல மூணு டச்டவுன் ஆச்சு. 48-21-ன்னு டாம்பா ஜெயிச்சுது. பேப்பர்ல பந்த புடிச்சவங்க போட்டோதான் வந்திருக்கும், ஆனா அவசரப்பட்டு எறிய வெச்சது முன்னாடி இருந்த அந்த நாலு பேரு.

மாரினெல்லிகிட்ட ஒரு விஷயம் பிரபலம், லோஃப் கணக்கு, அதாவது சோம்பல் கணக்கு. மேட்ச் முடிஞ்சதும் வீடியோவ ஒவ்வொரு பிளேயா ஓட்டி, பந்து வேற பக்கம் போனதும் எவன் வேகத்த குறைச்சான், எவன் ஜாகிங் போனான்னு பாத்து மார்க் போடுவார். டீம் ஜெயிச்சிருந்தாலும் மார்க் மார்க்தான், ஸ்டாருக்கும் அதே ரூல்தான். இந்த வேலையில திறமை சொல்லித் தர்றது பாதி, சலிச்சுப் போகாம ஓட வைக்கிறது மீதி.

கே: இந்த வேலைக்கு எப்படி வர்றாங்க? பெரிய பிளேயரா இருந்திருக்கணுமா?
– வாசகர், மதுரை

ப: வேணாம். மாரினெல்லி என்எஃப்எல்ல ஆடுனதே இல்ல. வியட்நாம் போர்ல ராணுவத்துல இருந்துட்டு வந்து கலிஃபோர்னியா லூத்தரன்கற சின்ன காலேஜ்ல ஆடுனார். 1973-ல சொந்த ஊர் ரோஸ்மீட்ல ஹைஸ்கூல் கோச், அப்புறம் யூட்டா ஸ்டேட், கலிஃபோர்னியா, அரிசோனா ஸ்டேட், யுஎஸ்சின்னு காலேஜ் காலேஜா இருபது வருஷம். என்எஃப்எல் வாசப்படி மிதிக்கும்போது வயசு 46. ஊர் ஊரா வீடு மாத்துற பொழப்பு, ஹெட் கோச்ச தூக்குனா பெரும்பாலும் கூட இருக்கிறவங்களும் மூட்டை கட்டணும், குடும்பத்துல இருக்கிறவங்க பாடுதான் பாவம்.

கே: அவரோட மாப்பிள்ளையும் அதே டீம்ல இருந்தாராமே?
– வாசகி, நாகர்கோவில்

ப: ஆமாங்க, ஜோ பேரி. லயன்ஸ் 0-16 போன வருஷம் மாமனார் ஹெட் கோச், மாப்பிள்ளை டிஃபென்ஸ் கோஆர்டினேட்டர். பிரஸ் மீட்ல ஒரு பத்திரிகைக்காரர், உங்க பொண்ணு இன்னும் நல்ல கோஆர்டினேட்டரா பாத்து கல்யாணம் பண்ணியிருக்கலாம்னு தோணுதாங்கற மாதிரி கேட்டுட்டார், பெரிய சண்டையாச்சு. கேள்வி கேக்கறதுக்கும் ஒரு அளவு வேணாமா?

கே: சிகாகோவுக்கு அப்புறம்?
– வாசகர், வேலூர்

ப: 2010-ல பேர்ஸ் டிஃபென்ஸ் கோஆர்டினேட்டர் ஆனார், அந்த சீசன் என்எஃப்சி ஃபைனல் வரைக்கும், அதாவது சூப்பர் பௌலுக்கு முந்தின மேட்ச் வரைக்கும் போயி பேக்கர்ஸ்கிட்ட 21-14 தோத்தாங்க. லவி ஸ்மித் போனதும் 2013-ல டல்லஸ் கவ்பாய்ஸுக்கு திரும்ப லைன் கோச்சாவே போனார், பதவி இறங்குறோமேன்னு பாக்கல, அங்க கோஆர்டினேட்டர் யாருன்னா பழைய மான்ட்டி கிஃபின். அந்த வருஷம் டல்லஸ் டிஃபென்ஸ் மொத்தத்துல படு மோசம், லைன்ல அடிபட்டவங்க லிஸ்ட் நீளம். ஆனா ட்ரெய்னிங் கேம்ப் சமயத்துல வேற டீம் இல்லாம இருந்த ஜார்ஜ் செல்வின்னு ஒருத்தர கூட்டிட்டு வந்தாங்க, அவர் 7 சாக் எடுத்தார். என்னைக் கேட்டா இவர் ரெசுமேல சூப்பர் பௌலுக்கு அடுத்து எழுத வேண்டியது இந்த 7 சாக்தான். 2014-லேர்ந்து அங்கயே கோஆர்டினேட்டர், 2020, 2021 ரெண்டு சீசன் ரெய்டர்ஸ்ல மறுபடி லைன் கோச், அந்த லைன்ல ஆடுன மேக்ஸ் கிராஸ்பி மொத தடவ ப்ரோ பௌல்ங்கற நட்சத்திர ஆட்டத்துக்கு தேர்வானது அந்த 2021-லதான்.

கே: என் பையன் இங்க ஹைஸ்கூல் டீம்ல டிஃபென்ஸிவ் டேக்கிள். பந்து அசையறதுக்கு முன்னாடியே கிளம்பி அடிக்கடி ஆஃப்சைடு ஆகி பெனால்டி வாங்குறான். என்ன பண்றது?
– வாசகர், ஃபிரிஸ்கோ, டெக்சாஸ்

ப: குவாட்டர்பேக் கத்துறத கேட்டு கிளம்புறான்னு நினைக்கிறேன், அவர் கத்துறதே பல சமயம் இவன மாதிரி ஆளுங்கள ஏமாத்தத்தான். காத மூடிக்கிட்டு பந்த மட்டும் பாக்கச் சொல்லுங்க. ஒரு குச்சி நுனியில பந்த மாட்டி தரையில வெச்சுக்குங்க, பக்கத்துல இன்னொருத்தர் சும்மா ஹட் ஹட்னு கத்தட்டும், நீங்க நினைச்ச நேரத்துல பந்த இழுங்க, பந்து அசைஞ்சா மட்டும் மொத அடி வைக்கணும். கோச்சுங்களே இப்படித்தான் பழக்குவாங்க. தலைய குனிஞ்சு முட்டுறானான்னும் பாருங்க, அது பெனால்டிய விட பெரிய பிரச்சினை, கழுத்துக்கு ஆபத்து, அத மட்டும் நாளைக்கே அவன் கோச்சுகிட்ட சொல்லிடுங்க.