தென்னந்தோப்பும் காடுதான்

அன்புள்ள ஐயா,

தேசிய வனக்கொள்கை பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நாட்டின் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு காடாக இருக்க வேண்டும் என்பது இலக்கு. 25 விழுக்காட்டைத் தாண்டிவிட்டோம் என்று செய்தியில் பார்த்தேன். இன்னும் எட்டுதானே பாக்கி? சாலையோரம், பள்ளிக்கூடம், தரிசு என்று கிடைத்த இடத்திலெல்லாம் நட்டால் எட்டிவிடலாம். நாங்கள் சில நண்பர்கள் நட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். நீங்கள் ஏன் அலுத்துக்கொள்கிறீர்கள்?

ச.

அன்புள்ள ச.,

கணக்கு சரிதான். 2023-ம் ஆண்டின் இந்திய வன நிலை அறிக்கை 25.17 என்கிறது. அதில் காட்டுப்பரப்பு 21.76, மீதி, காட்டுக்கு வெளியே சிதறி நிற்கும் மரங்கள். சரி, அந்த 21.76 என்ன? ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் பத்தில் ஒரு பங்கையாவது மரங்களின் கிளையும் இலையும் மூடியிருந்தால் அது காடு. யார் நிலம், என்ன மரம் என்ற கேள்வியே இல்லை. பொள்ளாச்சியில் என் மாமாவின் தென்னந்தோப்பும் இதன்படி காடுதான். அவரிடம் சொன்னேன். "அப்போ தேங்காயை வனத்துறை எடுத்துக்குமா?" என்று கேட்டார்.

இதை மோசடி என்று சொல்லமாட்டேன். 1988-ல் வந்த அந்த வனக்கொள்கையே 'காடு அல்லது மரப்பரப்பு' என்றுதான் இலக்கை வைக்கிறது. ஆனால் மலைகளில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்று சொல்லும்போது காரணத்தையும் சொல்கிறது: மண் அரிக்கக்கூடாது, நிலம் கெடக்கூடாது. நாம் காரணத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

நீலகிரியின் உச்சிப் பகுதியைப் பாருங்கள். சரிவெல்லாம் புல், மடிப்புகளில் மட்டும் சோலைக்காடு. மழையை வாங்கி வைத்துக்கொண்டு கோடையிலும் ஓடைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது அந்தப் புல்லும் சோலையும் சேர்ந்துதான். வரையாட்டுக்குத் தீனியும் அந்தப் புல்தான். வெள்ளைக்காரன் அதை வீண் நிலம் என்றான். அவன் போன பிறகு நாமும் அப்படியே நினைத்தோம். தோல் பதனிடப் பட்டை வேண்டும், விறகு வேண்டும் என்று ஆஸ்திரேலியச் சீகையையும் (வாட்டில் மரம், சீயக்காய் அல்ல) தைலமரத்தையும் சரிவு சரிவாக நட்டோம். சீகை நட்ட இடத்தோடு நிற்கவில்லை, தானாகவே பரவிக்கொண்டிருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அறிக்கைக்குக் கணக்கெடுக்கும் செயற்கைக்கோள் படத்தில் புல்வெளி காடு இல்லை, அதைத் தின்ற சீகை காடு. சீகையை வெட்டிப் புல்லை மீட்டால் அறிக்கையில் காட்டுப்பரப்பு குறையும்!

என் அலுப்பு இதனால்தான், உங்கள் மரங்களால் அல்ல. சாலையோரத்திலும் பள்ளியிலும் தாராளமாக நடுங்கள், நிழலாவது மிஞ்சும். தரிசு என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கே மட்டும் குழி தோண்டுவதற்கு முன் ஒரு மழைக்காலம் பொறுங்கள். அங்கே ஆடு மாடு மேய்ப்பவர்களிடம் என்னென்ன புல் முளைக்கிறது, தண்ணீர் எந்தப் பக்கம் கசிகிறது என்று கேளுங்கள். அப்புறம் எனக்கு எழுதுங்கள்.