தேனீ கொட்டினால் முகம் வீங்கும் பொமரேனியன்

கேள்வி: எங்கள் சின்ன பொமரேனியனுக்குத் தேனீ கொட்டினால் முகமே வீங்கிவிடுகிறது, போன முறை வாந்தியும் எடுத்தது. வீட்டிலுள்ள அலர்ஜி மாத்திரை கொடுக்கலாமா?
– வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: நீங்களாகக் கொடுக்காதீர்கள் அம்மா. சில சளி, அலர்ஜி மாத்திரைகளில் பாராசிட்டமாலும் சூடோஎபெட்ரினும் கலந்திருக்கும், மூன்று நான்கு கிலோ நாய்க்கு அது விஷம். அந்த வாந்தியைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். கடுமையான அலர்ஜி நாய்களுக்குப் பெரும்பாலும் ஈரலையும் குடலையும் தாக்கும் என்பதால் முகம் வீங்காமலே வாந்தி, பேதி, ஈறு வெளுப்பு, தள்ளாட்டம் என்று தொடங்கலாம், அப்போது தேவை எபிநெஃப்ரின் ஊசியும் டிரிப்ஸும். கொடுக்கு தெரிந்தால் உடனே எடுத்துவிட்டு நேராக டாக்டரிடம் ஓடுங்கள். இரவில் யார் பார்ப்பார்கள் என்று இப்போதே கேட்டு வையுங்கள். அப்புறம், தை மாசியில் மாந்தோப்பு பூத்திருக்கும்போது அவிழ்த்து விடாதீர்கள்.