மலை வெளிச்சத்துக்கு எந்த லைட் மீட்டர்? கேள்வி பதில்

மீட்டர் இல்லாத பழைய ஃபிலிம் கேமராக்களின் தலையில் உள்ள ஷூ என்ற பொருத்துமிடத்தில் செருகிக்கொள்ளும், வெளிச்சத்தை அளக்கும் சிறிய லைட் மீட்டர்களைப் பற்றி நீலகிரியிலிருந்தும் பழனி மலையிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

குன்னூர்: ஐயா, தாத்தாவின் சோர்க்கி-4 கேமரா கைக்கு வந்திருக்கிறது. பழைய செலினியம் மீட்டர் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. பேட்டரியே வேண்டாமாம். வாங்கலாமா?

வேண்டாம் தம்பி. செலினியம் தன்மேல் விழும் ஒளியிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும், பேட்டரி தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்தச் செல் ஈரத்தில் கெடும். ஐம்பது, அறுபது வருடப் பழைய செல்லை நம் ஊர் ஈரத்துக்குக் கொண்டுவந்து நம்பியிருப்பது வீண். அதைவிடப் பெரிய குறை, மங்கிய ஒளியில் அதன் முள் அசையாது. மேகம் மூடிய நாளில் அடர்ந்த சோலைக்காட்டுக்குள் போனால் 400 ஐஎஸ்ஓ (ஃபிலிமின் ஒளி உணரும் திறன்) ஃபிலிமுக்கே எஃப் 2.8 (லென்ஸ் திறப்பின் அளவு), ஷட்டர் வேகம் 1/30 நொடி வரை இறங்க வேண்டியிருக்கும். மீட்டர் மிகவும் தேவைப்படும் அந்த இடத்தில் இது கைவிட்டுவிடும். சிலிக்கான் செல் உள்ள புதிய மீட்டராக வாங்குங்கள்.

ஏற்கெனவே செலினியம் மீட்டர் வீட்டில் இருந்தால் சோதித்துப் பார்க்கலாம். மேகமில்லாத நடுப்பகலில் வெயில் படும் புல்லை நோக்கிப் பிடியுங்கள். 100 ஐஎஸ்ஓவுக்கு எஃப் 16, 1/125 நொடி என்பதை ஒட்டிக் காட்டினால் வெளிப்புறப் படங்களுக்கு உதவும்.

ஊட்டி: என்னிடம் லைக்கா எம்3, அதன்மேல் லைக்காமீட்டர் எம்ஆர் இருக்கிறது. புது பேட்டரி போட்டதும் அளவு தவறாக வருகிறது.

அந்த மீட்டர் பிஎக்ஸ் 625 என்ற 1.35 வோல்ட் மெர்க்குரி பேட்டரிக்காகச் செய்யப்பட்டது. அது இப்போது விற்பனையில் இல்லை. அதே அளவில் கிடைக்கும் ஆல்கலைன் பேட்டரி 1.5 வோல்ட் தருவதோடு, தீரத் தீர வோல்ட்டும் இறங்கிக்கொண்டே போகும். காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 ஸிங்க்-ஏர் பேட்டரி 1.4 வோல்ட் அளவில் நிலையாக நிற்கும். அதைச் சுற்றி ஒரு வளையம் வைத்துப் பொருத்துங்கள். மேலே ஒட்டியுள்ள தாளை உரித்தபின் சில வாரங்களில் தீர்ந்துவிடும், பரவாயில்லை.

கோத்தகிரி: என் கேமராவில் ஷட்டர் வேகம் 1/25, 1/50, 1/100 என்றிருக்கிறது. மீட்டரிலோ 1/30, 1/60, 1/125.

ஸ்டாப் என்பது ஒளி இரட்டிப்பாகும் அல்லது பாதியாகும் ஒரு படி. இங்கே வித்தியாசம் அதில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாது. பக்கத்து எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரிக் குளிரில் பழைய கிரீஸ் இறுகி ஷட்டரின் மெதுவேகங்கள் இழுத்துக்கொள்வது இதைவிடப் பெரிய பிழை. அதைத்தான் கவனிக்க வேண்டும்.

கொடைக்கானல்: அண்ணா, தூண் பாறையில் பனிமூட்டத்தை எடுத்தேன். மீட்டர் சொன்னபடியே வைத்தும் எல்லாம் அழுக்குச் சாம்பலாக வந்திருக்கிறது. மீட்டர் பழுதா?

மீட்டர் சரியாகவே வேலை செய்திருக்கிறது. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கும் அளவையே அது சொல்லும். வெண்பனியைக் காட்டினீர்கள், வெள்ளையைச் சாம்பலாக்கிவிட்டது. பனிமூட்டத்தில் மீட்டர் சொல்வதைவிட ஒன்று அல்லது ஒன்றரை ஸ்டாப் கூடுதலாகத் திறக்க வேண்டும். நெகட்டிவ் ஃபிலிம் கூடுதல் ஒளியைத் தாங்கும், குறைந்த ஒளியை மன்னிக்காது. கழுவியதும் நேரடியாகப் படமாகவே வரும் ஸ்லைடு ஃபிலிமில் இதற்கு நேர்மாறு, அங்கே அரை ஸ்டாப்பிலும் கவனம் வேண்டும்.

எந்த மீட்டர் என்ற கேள்வியே மலையில் இங்கிருந்துதான் தொடங்குகிறது. நான் முதலில் பார்ப்பது அது எவ்வளவு அகலமாகப் பார்க்கிறது என்பதை. கோணம் அகலமாக இருந்தால் பள்ளத்தாக்கை நோக்கும்போது வானமும் உள்ளே வந்துவிடும், தேயிலைச் சரிவு கறுத்துப்போகும். ஃபாய்க்ட்லேண்டர் விசி மீட்டர் 2 ஏறக்குறைய 30 பாகை பார்க்கிறது. 50 மி.மீ. லென்ஸ் மூலைக்கு மூலை 46 பாகை பார்க்கும். ஆகவே மீட்டர் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளும். கேமராவைச் சற்றுத் தாழ்த்தி, அதே வெளிச்சத்தில் இருக்கும் புல்லை அளந்து, அந்த அளவை வைத்துக்கொண்டு பிறகு காட்சியை எடுங்கள். புல் இல்லையென்றால் உங்கள் உள்ளங்கையை அளந்து ஒரு ஸ்டாப் கூடுதலாகத் திறங்கள்.

அடுத்தது திருகும் வளையங்கள். எஃப் எண்ணுக்கு ஒன்று, வேகத்துக்கு ஒன்று என்று இருந்தால் அளந்தது அப்படியே நிற்கும். சிறு திரையில் எண் மாறிக்கொண்டே இருக்கும் மீட்டர்கள் சட்டைப்பைக்கு அடக்கமாக இருக்கும்தான். ஆனால் பனி நகர நகர எண்ணும் நகரும், புதிதாகக் கற்பவர் அதன் பின்னாலேயே ஓடுவார். என் தேர்வு வளையம் வைத்ததே.

மேட்டுப்பாளையம்: மலை ரயில் சுரங்கத்திலிருந்து வெளிவருவதை எடுக்க வேண்டும். மீட்டர் திணறுகிறது.

சுரங்க வாயின் இருட்டையும் நீராவியின் வெண்மையையும் அதற்குக் காட்டினால் திணறத்தான் செய்யும். வண்டி வருவதற்கு முன்பே, வெளிச்சம் படும் பாதையோரப் புல்லை அளந்து வைத்துவிடுங்கள். வண்டி வந்தபின் மீட்டரைப் பார்க்கவே வேண்டாம். இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் மாறி மாறிப் போகும்போது பழைய சிடிஎஸ் (காட்மியம் சல்ஃபைடு) செல் மீட்டர்கள் முன்பு பார்த்த ஒளியைச் சிறிது நேரம் நினைவில் வைத்திருக்கும். சிலிக்கானில் அந்தத் தொல்லை இல்லை.

கூடலூர்: நிக்கான் எஃப், மீட்டர் இல்லாத மாடல். எதுவும் பொருந்தவில்லை.

அதன் ஷூ ஃபிலிம் சுற்றும் திருகைச் சுற்றி, தனி வடிவில் அமைந்தது. பொதுவான மீட்டர் அதில் ஏறாது. ஏஎஸ்-1 என்ற இணைப்பான் தேடுங்கள், அல்லது மீட்டரைக் கழுத்துக் கயிற்றில் மாட்டிக்கொள்ளுங்கள்.

கொடைக்கானலிலிருந்து ஓர் ஆசிரியை: கைப்பேசிச் செயலி போதாதா?

போதும் அம்மா. முதல் சில ரோல்களுக்கு அதையே வைத்துக்கொள்ளுங்கள். தூறலில், விறைத்த விரல்களோடு கைப்பேசியைத் திறந்து மூடும் நேரத்தில் வெளிச்சம் போய்விடுகிறது என்று தோன்றும்போது மீட்டர் வாங்குங்கள். பரோடாவில் தயாரான ஆக்ஃபா கிளிக் 3 போன்ற கேமரா என்றால் மீட்டரே தேவையில்லை. அதில் மாற்றுவதற்கு அதிகம் இல்லை. அந்தப் பணத்துக்கு ஃபிலிம் வாங்கலாம்.

ஊட்டி: அப்பா ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸில் வேலை பார்த்தவர். சில ‘இந்து’ கறுப்பு வெள்ளை ரோல்கள் இருக்கின்றன. மீட்டரில் என்ன வைப்பது?

1960-ல் நிறுவப்பட்ட அந்த நிறுவனம் நம் ஊருக்கே பெருமை. பழைய ஃபிலிமுக்குப் பத்து வருடத்துக்கு ஒரு ஸ்டாப் வீதம் ஐஎஸ்ஓவைக் குறைத்துக்கொள்வது பொது வழக்கம். பெட்டியில் 100 என்றிருந்து இருபது வருடம் ஆகியிருந்தால் 25 வைக்கலாம். அதற்கும் பழையது என்றால் ஃபிலிம் தானே மங்கியிருக்கும், கணக்கு உதவாது. ஒரு ரோலைச் சோதித்துக் கழுவிப் பார்த்த பிறகு மற்றவற்றைத் தொடுங்கள். கல்யாணத்துக்கு அதை எடுத்துப்போக வேண்டாம். ஒன்றையாவது பிரிக்காமல் வையுங்கள்.

குன்னூர்: மழைக்காலத்தில் மீட்டரை எப்படி வைப்பது?

பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். பேட்டரி கசிந்து தகட்டில் வெள்ளையாகப் படிந்திருந்தால், பஞ்சுக்குச்சியில் ஒரு சொட்டு வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். பெரும்பாலும் மீட்டரின் விளக்கு மறுபடி எரியும்.