ஓய்வுபெற்றவர்கள் கொடி பிடிக்க மட்டுமா?

ஐயா,

வண்டிப்பெரியாறு பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடுத்து 58 வயதில் ஓய்வு பெற்றேன். சங்கக் கிளையில் ஓய்வுபெற்றோர் பிரிவு என்று பெயருக்கு ஒன்று இருக்கிறது. மே தினத்துக்குக் கொடி பிடிக்கக் கூப்பிடுவார்கள், அவ்வளவுதான். எங்களில் பாதிப் பேர் எஸ்டேட் குடியிருப்பான லயத்தைக் காலி செய்துவிட்டு கம்பம், கூடலூர் பக்கம் போய்விட்டார்கள். ‘ரிட்டயர் ஆனவங்களுக்குச் சங்கத்துல என்ன உரிமை?’ என்று ஓர் இளைய தோழர் கேட்கிறார். நாங்கள் என்னதான் செய்யலாம்?

ஒரு வாசகி, பீர்மேடு தாலுகா

அன்புள்ள தோழர்,

முதலில் அந்த இளைய தோழருக்குப் பதில். 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தை 2001-இல் திருத்தியபோது, நிர்வாகிகளில் வெளியாட்கள் எத்தனை பேர் இருக்கலாம் என்ற வரம்பை இறுக்கினார்கள். அதே பிரிவில், ஓய்வுபெற்ற தொழிலாளியை வெளியாளாகக் கருதக் கூடாது என்றும் எழுதினார்கள். 2020-ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. சங்கத்தின் விதிகள் தடுக்காதவரை நீங்கள் பொறுப்புக்கே வரலாம்.

ஆனாலும் பதவியை விட்டுவிட்டு வேலையைக் கேட்டு வாங்குங்கள் என்பதே என் கருத்து. சம்பள ஒப்பந்தத்தில் ஓட்டு வேண்டாம். அந்தக் கூலிக்கு வேலை செய்யப்போவது இப்போது வேலையில் இருப்பவர்கள். எந்தச் சங்கம் பேச்சுவார்த்தைக்கு உரியது என்பதையும் நிர்வாகத்தின் வருகைப் பதிவேடான மஸ்டர் ரோலில் இருப்பவர்களை வைத்துத்தான் எண்ணுகிறார்கள். சங்கத்தின் உறுப்பினர் பதிவேட்டில் உங்கள் பெயர்களும் கலந்திருந்தால், சரிபார்ப்பின்போது பதிவேடு முழுவதையுமே சந்தேகிப்பார்கள். தனிப் பதிவேடும் தனி ரசீதுப் புத்தகமும் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கென்றே காத்திருக்கும் வேலை, பிஎஃப் பென்ஷன்காரர்களின் லைஃப் சர்டிபிகேட், அதாவது உயிரோடு இருப்பதற்கான சான்று. நவம்பரில்தான் கொடுக்க வேண்டும் என்று இன்னமும் பலர் நினைக்கிறார்கள். இபிஎஸ்-95 என்ற இந்த பிஎஃப் பென்ஷனுக்கு அப்படி இல்லை. எந்த மாதமும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து ஓராண்டு செல்லும். மார்ச்சில் கொடுத்தவர் அடுத்த வருஷ நவம்பர் வரட்டும் என்று இருந்தால் இடையிலேயே பென்ஷன் நின்றுபோகும். ஒரு நோட்டில் மாதத்துக்கு ஒரு பக்கம் என்று 12 பக்கம் ஒதுக்கி, யாருக்கு எந்த மாதம் முடிகிறதோ அந்தப் பக்கத்தில் பெயரையும் போன் நம்பரையும் எழுதுங்கள். அதற்கு முந்தைய மாதமே போன் செய்துவிட வேண்டும். ‘அக்ஷயாவில் மஸ்டரிங் பண்ணியாச்சே’ என்பார்கள். அக்ஷயா என்ற சேவை மையத்தில் செய்யும் அந்தச் சரிபார்ப்பு கேரள அரசின் நலப் பென்ஷனுக்கு. பிஎஃப்புக்கு அது செல்லாது.

கொழுந்து எடுத்த விரல்களில் ரேகை தேய்ந்திருக்கும். கருவியில் ஏறாவிட்டால் அலைய விடாமல் முகப்பதிவுக்குப் போங்கள். போனில் ஜீவன் பிரமாண், ஆதார் ஃபேஸ் ஆர்டி என்ற இரண்டு செயலிகளும் வேண்டும். முதலில் போனை இயக்குபவர் தன் ஆதாரையும் முகத்தையும் பதிய வேண்டும். பிறகு அதே போனில் ஒவ்வொருவராகச் செய்யலாம். வாசல் வெளிச்சம் முகத்தில் படும்படி உட்கார வையுங்கள். வெளிச்சம் முதுகுப் பக்கம் இருந்தால் முகம் இருண்டு, திரும்பத் திரும்ப மறுக்கும். பென்ஷன் உத்தரவின் எண்ணான பிபிஓ எண்ணை ஞாபகத்திலிருந்து சொல்ல விடாதீர்கள், பென்ஷன் உத்தரவைப் பார்த்தே அடியுங்கள். ஓர் இலக்கம் தவறினாலும் சான்று பதிவானதாகக் காட்டும் பிரமாண் எண் வந்துவிடும், எல்லோரும் முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விடுவார்கள். பிஎஃப் அலுவலகத்தில் அது தள்ளுபடி ஆகும். சில நாள் கழித்து நிலையைச் சரிபார்த்த பிறகே நோட்டில் டிக் போடுங்கள்.

ஓய்வுக்கு ஓராண்டு இருப்பவர்களையும் நீங்களே கவனிப்பது நல்லது. எஸ்டேட்டின் செக்ரோல் பதிவேட்டில் ‘பேச்சி’, ஆதாரில் ‘பேச்சியம்மாள்’ என்றிருந்தால் பென்ஷன் விண்ணப்பமான 10டி படிவம் திரும்பிவரும். பழைய கணக்குகளில் பெயரையோ பிறந்த தேதியையோ திருத்த, பெரும்பாலும் தொழிலாளியும் நிர்வாகமும் சேர்ந்து கொடுக்கும் கூட்டு உறுதிமொழி வேண்டும். எஸ்டேட் நடக்கும்போதே அந்தக் கையெழுத்தை வாங்கிவிட வேண்டும். மூடிவிட்டால் கையெழுத்துப் போட ஆளைத் தேடி அலைய வேண்டியதுதான். எஸ்டேட்டுகள் மூடியதைப் பார்த்த பீர்மேட்டுக்காரர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. யார் எந்த வருஷம் பேர் பதிந்தார்கள், எந்த டிவிஷனில் இருந்தார்கள் என்பது உங்கள் தலைமுறைக்குத்தான் தெரியும். வேலை செய்த வருஷங்களுக்கான பணிக்கொடையான கிராஜுவிட்டி கணக்கில் வருஷம் விடுபட்டால் அந்த ஞாபகம் பணம். மாதக் கூலி 13,000 என்றால் அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்க, ஒரு வருஷத்துக்கு 7,500 ரூபாய். விடுபட்ட நான்கு வருஷம் 30,000.

கம்பம் பக்கம் போனவர்களைக் குமுளி மலை ஏறி வரச் சொல்லாதீர்கள். கம்பத்திலேயே ஒரு துணைக்குழு அமைத்து, மாதம் ஒரு நாள் உட்காருங்கள். 2025 ஜனவரியிலிருந்து எந்த வங்கிக் கிளையிலும் பென்ஷன் வாங்கலாம். பிபிஓவை வேறு மண்டலத்துக்கு மாற்றும் வேலை இல்லை. பிஎஃப் நிறுவனம் மாதந்தோறும் 27-ஆம் தேதி மாவட்டங்களில் ‘நிதி ஆப்கே நிகட்’ என்ற குறைதீர்க்கும் முகாம் நடத்துகிறது. புகார்களை நகலோடு கட்டாக எடுத்துக்கொண்டு அங்கே இருவர் போகலாம்.

உறுப்பினர் ஒருவர் இறந்தால், மாலை வைத்ததோடு வந்துவிடாதீர்கள். இறந்த பிறகு அவர் கணக்கில் ஏறும் பென்ஷனை ஏடிஎம்மில் எடுக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லுங்கள். பின்னால் அதைத் திரும்பப் பிடிப்பார்கள். மரணச் சான்று கைக்கு வந்ததும், மனைவிக்கோ கணவருக்கோ உரிய பென்ஷனுக்கு விண்ணப்பத்தை உங்கள் குழுவே எழுதிக் கொடுக்கட்டும்.