ஹார்மோனைக் குழப்பும் ரசாயனங்கள் விந்தணுவை எப்படிப் பாதிக்கின்றன? தப்பிக்க வழி உண்டா?

ஹார்மோன் என்பது ரத்தத்தில் போகும் தகவல். அதைப் போல நடித்தோ, அதன் வழியை அடைத்தோ உடலைக் குழப்பும் வெளி ரசாயனங்கள்தான் இவை.

பூட்டில் தவறான சாவி சிக்கிக்கொண்டால் என்ன ஆகும்? அதுவும் திரும்பாது, சரியான சாவியும் நுழையாது. டிடிடி பூச்சிமருந்து சிதைந்து உருவாகும் டிடிஇ, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனுக்கு உடல் செல்களில் இருக்கும் பூட்டில் இப்படித்தான் உட்கார்ந்துகொள்கிறது. பிளாஸ்டிக்கை மிருதுவாக்கச் சேர்க்கும் தாலேட்டுகளில் சில, சாவி செய்யும் பட்டறையிலேயே கைவைக்கின்றன: விரையில் டெஸ்டோஸ்டிரோன் உற்பத்தி குறைகிறது. விந்தணு வளர அந்த ஹார்மோன் வேண்டும்.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் அப்போப்கா ஏரியருகே 1980-இல் பூச்சிமருந்து கொட்டியது. பின்னாளில் அங்கிருந்த இளம் ஆண் முதலைகளை ஆராய்ந்தபோது டெஸ்டோஸ்டிரோன் குறைவு, ஆணுறுப்பும் சிறிது. மனிதர்களில் இவ்வளவு நேரடியான ஆதாரம் இல்லை. ஆனால் அலட்சியப்படுத்தவும் முடியாது. கருவில் இருக்கும் ஆண் குழந்தைக்குத்தான் ஆபத்து அதிகம் என்பதால் கர்ப்பிணிகளுக்கும் இது பொருந்தும்.

சரி, என்ன செய்யலாம்? சூடான சாம்பாருக்கு எவர்சில்வர் தூக்கு. மைக்ரோவேவில் பிளாஸ்டிக் டப்பா வேண்டாம். கடையில் தரும் வழுவழுப்பான பில் தாளில், இதே வகை ரசாயனமான பிஸ்பீனால் ஏ (சுருக்கமாக பிபிஏ) பூச்சு இருக்கலாம். சானிடைசர் ஈரத்தோடு அதைக் கசக்காதீர்கள். பிபிஏ ஓரிரு நாளில் சிறுநீரில் வெளியேறிவிடும். புது விந்தணு உருவாகச் சுமார் இரண்டரை மாதம், அதனால் பலனை அவசரப்பட்டு எதிர்பார்க்க வேண்டாம்.

அப்புறம், 'பிபிஏ இல்லாதது' என்று எழுதிய டப்பா என்றால் பயமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். பிபிஏவுக்குப் பதிலாகச் சேர்க்கப்படும் அதன் உறவுக்கார ரசாயனமான பிஸ்பீனால் எஸ்ஸும் (பிபிஎஸ்) ஆய்வகச் சோதனைகளில் ஏறக்குறைய அதே வேலையைத்தான் செய்கிறது.